எரிகிறதா என்று கேட்டால் போதுமா?

நெய்வேலி நகரியத்தின் எல்லையைக் கடந்து பண்ருட்டிப் பக்கம் சென்றால், செம்மண் நிலமெங்கும் முந்திரித் தோப்புகள். அந்தக் கொட்டைகளை உடைத்துப் பருப்பெடுக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். நுனி கறுத்து, தோல் உரிந்து, சில இடங்களில் கொப்புளம் உடைந்து காய்ந்திருக்கும். முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் செய்யும் வேலை அது. கைக்குச் சாம்பலைத் தொட்டுக்கொண்டும் எண்ணெய் பூசிக்கொண்டும் அவர்கள் அதனோடு போராடுகிறார்கள். முந்திரியும் மாவும் ஒரே தாவரக் குடும்பம். காம்பு கிள்ளிய மாங்காயின் பால் பட்டு உதட்டோரம் வெந்துபோகாத பிள்ளை நம் ஊர்களில் உண்டா? இந்த அறிவெல்லாம் நமக்கு எப்படி வந்தது என்று எண்ணிப் பார்த்தால், யாரோ ஒருவருடைய கையும் உதடும் வெந்ததால் வந்தது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முந்திரியும் மாங்காயும் பழகியவை. கடையில் புதிதாக வரும் ஒரு பொருளை, ஒருவர் கையும் வேகுமுன்பே எப்படி எடைபோடுவது? சென்ற ஆண்டு பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு எங்களை இந்தக் கேள்விக்குள் இழுத்துவிட்டது.

நாங்கள் இருவரும் நகரியத்திலேயே வாழ்ந்து முதிர்ந்தவர்கள். எங்களில் ஒருவர் கொதிகலனுக்கான நீரைச் சுத்திகரிக்கும் பிரிவின் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். மற்றவர் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். ஆகவே சொந்தபந்தங்களில் யாருக்கு எந்த மருந்து, எந்தப் பூச்சு, எந்த அமிலம் பற்றி ஐயம் வந்தாலும் கேள்வி எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அன்று பேசியவர் எங்கள் வீட்டம்மாவின் தங்கை. மகளுடைய நிக்காஹுக்கு மூன்று வாரங்களே இருந்தன.

"லாத்தா, மருதாணி போட வர்ற பொண்ணு ஒரு கறுப்பு கோன் கொண்டு வந்திருக்கா. பத்து நிமிஷத்துல பிடிச்சிடுமாம். நான் என் கையில தடவிப் பார்த்தேன், எரியவே இல்ல. புள்ளைக்குப் போடலாம்தானே?"

உளூ நிறைவேறுமா என்பதை அவர் முன்னமே பள்ளிவாசல் இமாமிடம் கேட்டு அறிந்துகொண்டிருந்தார். தோல் தாங்குமா என்பதற்கு மட்டும் அவரிடம் இருந்த சான்று அந்த ஒரு சொல்தான்: எரியவில்லை. அந்தப் பெண்ணின் எட்டு வயதில் நடந்த ஒன்று எங்களுக்கு நினைவிருந்ததால், உடனே சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லாமல், ஒரு நாள் பொறுக்கச் சொன்னோம்.

எரிச்சலை அளவுகோலாக வைப்பது ஏன் தவறு என்பதற்கு நகரியத்தின் பழைய கதை ஒன்றே போதும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை அச்சுக்கட்டிகளாக்கிச் சுட்டு 'லெக்கோ' என்ற அடுப்புக்கரி செய்துவந்த காலம் உண்டு. எங்கள் தலைமுறையின் சமையற்கட்டுகள் அதை நன்கு அறியும். அதன் துணைப்பொருள்களில் கார்பாலிக் அமிலமும் ஒன்று. ஃபீனால் என்றும் அதற்குப் பெயர். தோலை வேகவைக்கும் அந்தப் பொருள், தொட்ட இடத்து நரம்பை மரத்துப்போகவும் செய்துவிடும். முதலில் வலி தெரியாது, தோல் வெளுத்திருக்கும். வலி வரும்போது காயம் ஆழமாகியிருக்கும். உடலுக்குள் ஏறியும் இருக்கலாம். வலிக்கவில்லையே என்று துடைத்துவிட்டு வேலையைத் தொடர்பவர்தான் அதிகம் பாதிக்கப்படுவார்.

காரங்களின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். அமிலம் பட்டால் சுரீரென்று சுடும். கையை உடனே இழுத்துக்கொள்வோம். தசையின் புரதத்தை அது உறையச் செய்வதால், உறைந்த அந்தப் படலமே பல நேரம் அமிலம் மேலும் உள்ளே போகாமல் தடுத்துவிடும். காரமோ கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டு வழுவழுவென்று உள்ளே இறங்கும். காஸ்டிக் சோடாக் கரைசல் விரலில் பட்டவர்கள், முதலில் தெரிந்தது வழுக்கல்தான் என்று சொல்வார்கள். அந்த வழுக்கலில் அவர்களுடைய தோலும் கரைந்திருக்கும்.

மூன்றாவது வகை இன்னும் வஞ்சகமானது. முதல்முறை பட்டால் பெரும்பாலும் ஒன்றுமே ஆகாது. ஆனால் உடலின் காவல் அணுக்கள் அதை எதிரி என்று குறித்துவைத்துக்கொள்ளும். அடுத்தமுறை பட்ட ஓரிரு நாளில் சிவந்து, அரித்து, கொப்புளமாக வெடிக்கும். குறித்துவைத்த அந்தக் கணக்கு பெரும்பாலும் ஆயுள் முழுவதும் அழியாது. ஒவ்வாமை என்று நாம் சொல்வது இதைத்தான். கறுப்பு கோனில் எங்களுக்கிருந்த அச்சமும் இதுவே.

மருதாணி இலையின் சாயப்பொருளுக்கு லாசோன் என்று பெயர். அது தரும் நிறம் செம்மஞ்சள்; ஓரிரு நாளில் முதிர்ந்து செம்பழுப்பாகும். எவ்வளவு அரைத்தாலும், எத்தனை மணி நேரம் வைத்தாலும் அது கன்னங்கறுப்பாகாது. பத்து நிமிடத்தில் பிடிக்கவும் செய்யாது. எனவே பத்து நிமிடத்தில் கறுப்பாகும் கோனில் வேறு ஏதோ இருக்கிறது. உலகெங்கும் இத்தகைய கறுப்பு மருதாணியைச் சோதித்தபோதெல்லாம் அடிக்கடி அகப்பட்டது பாரா-ஃபினிலின்டையமின். சுருக்கமாகப் பி.பி.டி. தலைமுடிக்கு நிலையான கறுப்பு தரும் சாயங்களில் இருப்பதும் இதுதான். ஐரோப்பிய ஒன்றியம் தலைமுடிச் சாயத்தில், தலையில் படும் கலவையில் 2 விழுக்காட்டுக்கு மேல் இது இருக்கக் கூடாது என்று வரையறுத்திருக்கிறது. தோலில் நேரடியாகப் பூச அனுமதியே இல்லை. கறுப்பு மருதாணிக் கலவைகளில் அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டிய அளவுகள் கண்டறியப்பட்டிருக்கின்றன.

ஒரு பொருள் தோலுக்கும் கண்ணுக்கும் என்ன செய்யும் என்று விற்பனைக்கு முன்பே சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்காவில் வலுப்பட்டதில் இதே பி.பி.டி.க்கும் ஒரு பங்கு உண்டு. 1933-இல் அங்கே 'லாஷ் லூர்' என்ற இமைச்சாயம் விற்கப்பட்டது. அழகு நிலையத்தில் இமைக்கு அதைப் பூசிக்கொண்ட பெண்கள் சிலருக்குக் கண் வீங்கிப் புண்ணானது. பார்வை இழந்தவர் உண்டு, இறந்தவரும் உண்டு. அப்போதைய சட்டத்தில் அழகுப் பொருள்களைத் தடுக்க வழியே இருக்கவில்லை. அந்தப் பெண்களின் படங்களும் சேர்ந்துதான் 1938-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து, அழகுப் பொருள் சட்டம் பிறக்கக் காரணமாயின. இன்று நம் கடைகளில் விற்கும் தலைமுடிச் சாயப் பெட்டியை எடுத்துப் பாருங்கள். இமைக்கும் புருவத்துக்கும் பூசக் கூடாது, பூசினால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கை இருக்கும். பி.பி.டி. கலந்த சாயத்துக்கு நம் நாட்டு விதிகள் கட்டாயமாக்கியுள்ள வரி அது. பலர் அதைப் படிக்காமலே பெட்டியைக் கிழிக்கிறோம்.

அந்தச் சட்டத்துக்குப் பின் 1944-இல் அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறையைச் சேர்ந்த ஜான் டிரெய்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை முறையை வகுத்தார்கள். வெள்ளை முயலின் ஒரு கண்ணில் 0.1 மில்லிலிட்டர் பொருளை விடுவார்கள். மறு கண்ணை ஒப்பிட்டுப் பார்க்க விட்டுவைப்பார்கள். குறித்த மணிக் கணக்கில் கருவிழியின் மங்கல், சிவப்பு, வீக்கம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 110, அதில் 80 கருவிழிக்கு. தோலுக்கும் இதுபோல முதுகு மயிரை மழித்துப் பூசிப் பார்ப்பார்கள். ஏன் முயல்? கண் பெரிது, நிறமி இல்லாததால் சிவப்பு நன்றாகத் தெரியும், அடங்கி உட்கார்ந்திருக்கும். இந்தக் கடைசிக் காரணத்தைப் படித்தபோது எங்களுக்கு மனம் சங்கடப்பட்டது. முகத்தில் சூடு போடப்பட்ட ஒரு கழுதையைக் கண்டு, அதைச் செய்தவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. விலங்கின் முகத்தைப் பற்றி அவ்வளவு கடுமையான ஒரு சொல் நம்மிடம் இருக்கும்போது, அந்தக் கண்களைக் கணக்கில் கொள்ளாமல் நம்மால் கடந்துபோக முடியாது.

அந்தச் சோதனை அறிவியலளவிலும் அத்தனை உறுதியானதாக இருக்கவில்லை. 1971-இல் வெய்ல், ஸ்காலா என்ற இருவர் ஒரே பொருள்களை இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்களுக்கு அனுப்பிச் சோதிக்கச் சொன்னார்கள். ஓர் ஆய்வகம் கடுமையானது என்றதை மற்றோர் ஆய்வகம் தீங்கற்றது என்றது. முயலின் கண்ணுக்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு, கண்ணீர் சுரப்பது நம்மைவிடக் குறைவு, தோலும் மெல்லியது. அதன் கண் சொல்லும் விடை நம் கண்ணுக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை. 1980-இல் ஹென்றி ஸ்பைரா என்பவர் நியூயார்க்கில் இதற்கெதிராகப் பெரிய பரப்புரையைத் தொடங்கிய பிறகு, நிறுவனங்களே மாற்று வழிகளுக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கின.

இன்று அந்த மாற்றுகள் பல நடைமுறையில் உள்ளன. மனிதத் தோல் அணுக்களை வளர்த்து, சிறு வட்டில்களில் மெல்லிய தோலாகவே உருவாக்குகிறார்கள். சோதிக்க வேண்டிய பொருளை அதன்மேல் இட்டுக் கழுவி, பின்பு மஞ்சள் நிறச் சாயம் ஒன்றில் வைக்கிறார்கள். உயிருள்ள அணுக்கள் மட்டுமே அந்த மஞ்சளை நீலஊதாவாக மாற்றும். நிறத்தை அளந்தால் எத்தனை அணுக்கள் பிழைத்தன என்று தெரியும். பாதியோ அதற்குக் குறைவோ பிழைத்திருந்தால் அது தோலை உறுத்தும் பொருள். ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பு 2010-இல் இதை வழிகாட்டி நெறியாக ஏற்றது. கண்ணுக்கு, அறுப்புக்கூடங்களிலிருந்து பெறும் மாட்டின் கருவிழியையும் கோழியின் கண்ணையும் பயன்படுத்துகிறார்கள். எப்படியும் கழிவாகப் போக இருந்தவை. பொருளை விட்ட பின் கருவிழி எவ்வளவு மங்கிற்று, எவ்வளவு ஒழுக விடுகிறது என்று கருவியால் அளக்கிறார்கள். இந்தியாவில் 2014 மே மாதம் அழகுப் பொருள்களை விலங்குகளின்மேல் சோதிப்பது தடைசெய்யப்பட்டது. அவ்வாறு சோதித்தவற்றின் இறக்குமதிக்கும் அதே ஆண்டு நவம்பரில் தடை வந்தது. தெற்காசியாவில் இதை முதலில் செய்தது நம் நாடு. வேறு துறைகளின் வேதிப்பொருள்களுக்கு இந்தத் தடை பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் படிக்கையில் எங்களைக் கவர்ந்தது சோதனைகளைவிட அவற்றின் வரிசைதான். முதலில் எதையும் எதன்மேலும் பூசுவதில்லை. இந்தப் பொருளைப் பற்றி ஏற்கெனவே தெரிந்தது என்ன? தொழிலாளிகளுக்கு நேர்ந்தது என்ன? இதே போன்ற அமைப்புள்ள வேறு பொருள் என்ன செய்தது? இவற்றைத் திரட்டுகிறார்கள். அடுத்து பி.எச். அளவு. அது 2-க்குக் கீழோ 11.5-க்கு மேலோ இருந்தால், வேறு சான்று இல்லாதவரை அதைத் தோலையும் கண்ணையும் சுடும் பொருளாகவே கொள்கிறார்கள். அதற்குப் பிறகே வட்டில் தோலும் மாட்டுக் கருவிழியும். உயிருள்ள ஒன்றைத் தொடுவது, தொட்டே ஆக வேண்டுமென்றால், வரிசையின் கடைசியில். நம் வீடுகளில் வரிசை தலைகீழ். முதலில் கையில் தடவுகிறோம். வீங்கிய பிறகு டப்பாவைத் திருப்பிப் படிக்கிறோம்.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு குருட்டுப் பக்கமும் உண்டு. பி.பி.டி.யின் பி.எச். அளவில் அச்சப்பட ஒன்றுமில்லை. சுடுகிறதா என்று பார்க்கும் சோதனைகளை வைத்து ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குத் தனிச் சோதனைகள் இருக்கின்றன. கண்ணுக்கிடும் சுர்மாவையும் இங்கே நினைக்க வேண்டும். கடைகளில் விற்பவற்றில் பல ஈயக் கல்லை அரைத்தவை. ஈயம் கண்ணை எரிக்காது; குழந்தையின் உடலில் மெல்லச் சேர்ந்து மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எரியவில்லை என்ற நற்சான்றிதழ் அதற்கும் கிடைத்துவிடும்.

மறுநாள் பரங்கிப்பேட்டைக்கு அழைத்து அந்த கோனின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டோம். பூப்படமும் ஓர் ஆங்கிலப் பெயரும் தவிர ஒன்றுமில்லை. என்னென்ன சேர்ந்தது, யார் செய்தார், எங்கே செய்தார் எதுவும் கிடையாது. நகரியச் சாலைகளில் அமிலமும் காரமும் ஏற்றிவரும் டேங்கர் லாரிகளின் பின்னால்கூட ஒரு சாய்சதுரப் பலகை இருக்கும். சோதனைக் குழாயிலிருந்து சொட்டும் துளி ஒரு கையையும் ஓர் உலோகத் தகட்டையும் அரிப்பதுபோல் அதில் படம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். நம் பிள்ளைகளின் கைகளில் பூசும் பொருளுக்கு அந்த மரியாதைகூட இல்லை. இலையை அரைத்தால் வராத நிறம், இலைக்கு இயலாத வேகம், பெயரில்லாத பொட்டலம் ஆகிய மூன்றும் சேர்ந்தால், ஆய்வகத்துக்கு அனுப்பாமலே முடிவு சொல்லிவிடலாம் என்பது எங்கள் எண்ணம்.

அதோடு, எட்டு வயதில் நடந்ததை எங்கள் தங்கைக்கு நினைவூட்டினோம். ஒரு பெருநாளைக்கு, பிறை தெரிந்த இரவில் கடைத்தெருவில் யாரோ ஒருவரிடம் அந்தப் பிள்ளை மணிக்கட்டில் கறுப்புக் கொடி வரைந்துகொண்டு வந்தது. பெருநாளன்று எல்லாரும் அழகென்று சொன்னார்கள். சில நாள் கழித்து, வரைந்த கோட்டின்மேல் மட்டும் தோல் தடித்து, இலைக்கு இலை, சுருளுக்குச் சுருள் நீர்க்கொப்புளமாக எழுந்தது. தூக்கத்தில் சொறிந்து அழுதது. ஆறிய பிறகும் பல மாதம் அந்தக் கொடி வெளுத்த தழும்பாகக் கையில் படர்ந்திருந்தது. சூட்டினால் வந்தது என்று பெரியவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். இப்போது அதே கையில், முழங்கை வரை, அதே வகைப் பொருளைப் போட இருந்தார்கள். தாய் தன் கையில் தடவிப் பார்த்து எரியவில்லை என்றதால் மகளைப் பற்றி எதுவும் தெரியப்போவதில்லை. பகை குறித்துவைத்திருப்பது மகளின் உடலில் அல்லவா?

தொலைபேசியின் அந்தப் பக்கம் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு மணப்பெண்ணே வாங்கிப் பேசினாள். கோனை வேண்டாம் என்பதில் அவளுக்குத் தடையில்லை. ஆனால் திருமணத்துக்கு முன் தலைமுடிக்குச் சாயம் ஏற்றவும் ஏற்பாடு செய்திருந்தாள். எங்களுக்கு அதுதான் பெரிய கவலையாகிவிட்டது. கையில் பி.பி.டி.யால் கொப்புளம் கண்டவர்கள் பிற்பாடு முடிச்சாயம் பூசும்போது தலையும் நெற்றியும் இமைகளும் வீங்கிக் கண் திறக்க முடியாமல் மருத்துவமனைக்குப் போவதுண்டு. பெட்டியில் சொல்லியிருக்கிறதே, காதுக்குப் பின்னால் சிறிது பூசி ஒரு நாள் பார்க்கட்டுமா என்று கேட்டாள். ஏற்கெனவே ஒவ்வாமை வந்திருக்கும் என்று ஐயப்படும் ஒருவர் அதை வீட்டில் செய்யக் கூடாது, தோல் மருத்துவரிடம் போ என்றோம்.

போனாள். முதுகில் சிறு சிறு ஒட்டுகளாக மிகக் குறைந்த அளவில் பல பொருள்களை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, அன்றும் அதற்கடுத்த இரண்டு நாள் கழித்தும் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். ஒட்டுச் சோதனை என்பது இதுதான். இந்தியத் தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் வழக்கமான தொகுப்பில் பி.பி.டி.யும் இருக்கிறது. அந்த ஓரிடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. முடிச்சாயம் மட்டுமல்லாமல், சில துணிச் சாயங்கள், கறுப்பு ரப்பர், மரக்கச் செய்யும் சில களிம்புகள் ஆகியவையும் அவளுக்கு ஒவ்வாமல் போகலாம் என்று மருத்துவர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் பணப்பைக்குள் எப்போதும் வைத்துக்கொள்ளச் சொன்னோம். அவள் படமெடுத்து மாப்பிள்ளைக்கும் அனுப்பிவிட்டாளாம். எங்கள் காலத்தில் இதை மறைத்திருப்பார்கள்.

மருதாணி நெய்வேலியிலிருந்து போயிற்று. நகரிய வீடுகளில் கொல்லை தாராளம்; வேலியோரம் ஒரு மருதாணிச் செடி பல வீடுகளில் உண்டு. நாலைந்து வீட்டு இலையைப் பறித்து, அம்மியில் கொஞ்சமும் மிக்ஸியில் மீதியுமாக அரைத்து, எலுமிச்சைச் சாறு சேர்த்து, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனோம். இரவு முழுவதும் வைத்தும் காலையில் வெளிர் செம்மஞ்சளாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் சிவக்குமா என்று எங்கள் தங்கை நிமிடத்துக்கு ஒருமுறை கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிக்காஹ் நாளில் நல்ல செம்பழுப்பு ஏறியிருந்தது, அல்ஹம்துலில்லாஹ். பச்சைக் குழந்தைகளுக்கு மட்டும் இதையும் பூச வேண்டாம் என்று அங்கே இருந்த தாய்மாரிடம் சொன்னோம். ஜி6பி.டி. என்ற நொதிக் குறைபாடு பிறவியிலேயே உள்ள குழந்தைகளுக்கு மருதாணிச் சாயம் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடக்கூடும்.

அந்தத் திருமண வீட்டிலேயே எங்களை அதைவிட அச்சுறுத்திய ஒன்றைப் பார்த்தோம். வெற்றிலைத் தட்டுக்கு அருகில் சுண்ணாம்பைச் சிறு பிளாஸ்டிக் பொட்டலங்களாக வைத்திருந்தார்கள். நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அதில் ஒன்றை எடுத்துப் பிதுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். நம் நாட்டில் சிறு பிள்ளைகளின் கண் வேதிப்பொருளால் கெடுவதற்கு இந்தச் சுண்ணாம்புப் பொட்டலம் ஒரு முதன்மைக் காரணம் என்று கண் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். பிதுக்கும்போது வெடித்து முகத்தில் தெறிக்கும். சுண்ணாம்பு நீரின் பி.எச். 12-ஐத் தாண்டும், மேலே சொன்ன 11.5 எல்லையை நினைத்துப் பாருங்கள். போதாததற்கு அது களிம்பாக இமைக்கடியில் ஒட்டிக்கொண்டு, கரையக் கரையக் காரத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். கருவிழி ஒரேயடியாக வெளுத்துப்போகலாம்.

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவனுக்கு ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தோம். சுற்றியிருந்தவர்கள் கேட்டதால், பட்டுவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொன்னோம். உடனே தண்ணீர். எந்தச் சுத்தமான தண்ணீரானாலும் சரி; மருத்துவமனைக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. பிள்ளையைப் படுக்கவைத்து, இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, சொம்பால் மெல்ல ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடிகாரம் பார்த்து, குறைந்தது பதினைந்து இருபது நிமிடம். கண்ணில் தெரியும் சுண்ணாம்புத் துகளை ஈரத் துணியின் நுனியால் எடுத்துவிட வேண்டும். எலுமிச்சைச் சாறு, பால், விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் வேண்டாம். காரத்தை அமிலத்தால் முறிக்கலாம் என்று பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைகள் இதைக் குறிப்பாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். முறியும்போது வெப்பம் எழும். அளவு தப்பினால் இரண்டாவது காயமாகிவிடும். நன்றாகக் கழுவிய பிறகு, அழுகை நின்றுவிட்டாலும் கண் மருத்துவரிடம் போக வேண்டும். பொட்டலத்தையோ புட்டியையோ கூடவே எடுத்துச் செல்ல வேண்டும்.

திருமணம் முடிந்து நெய்வேலிக்குத் திரும்பிய வாரம், எங்கள் பகுதிப் பெண்கள் சிலரோடு சேர்ந்து, பிள்ளைகள் குர்ஆன் ஓதும் கூடத்தின் கழிவறை அலமாரியைத் திறந்து பார்த்தோம். குளிர்பானப் புட்டியில் ஊற்றிவைத்த கழிவறை அமிலம் இரண்டு. திறந்து கட்டிய பிளீச்சிங் பவுடர் ஒன்று. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். அடுத்தடுத்த தட்டில், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தன. அமிலத்தை அதன் சொந்தப் புட்டியில், படமும் எழுத்தும் உள்ள புட்டியில் வாங்கிவைத்தோம். பவுடரை வேறோர் இடத்துக்கு மாற்றினோம். உளூச் செய்யும் குழாய்களில் கடைசிக் குழாய்க்கு அருகே, கண்ணில் ஏதாவது பட்டால் இங்கே வந்து கழுவவும் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம். ஓதவரும் பிள்ளைகளில் ஒருத்தி அதைப் படித்துவிட்டு, சோப்பு பட்டாலுமா என்று கேட்டாள். சோப்பு பட்டாலும் என்றோம். உடனே போய்க் குழாயைத் திறந்து, அது எட்டுகிறதா என்று குனிந்து பார்த்தாள். எட்டவில்லை. இப்போது அங்கே ஒரு சிறு முக்காலி போட்டிருக்கிறோம்.